பச்சைக் கட்டத்தில் இருப்பவர்கள்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் கடைசியில், நான் இருக்கும் சோஃபியாவிலிருந்து, ஆற்றங்கரை ஊரான விதினில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வருஷா வருஷம் அந்த வாரத்தில் அக்கா முற்றத்தில் கொப்பரை ஏற்றி லூத்தெனித்ஸா கிண்டுவாள். சுட்டுத் தோலுரித்த சிவப்பு மிளகாயும் தக்காளியும் அரை நாள் கொதித்துச் சுண்ட வேண்டும், கை நிற்கவே கூடாது. அக்கா கிண்டினாள். நான் படம் பிடித்தேன். கொதிப்பதைக் கிட்டத்தில் எடுக்கலாமென்று குனிந்தபோது ஃபோன் கைநழுவி உள்ளே விழுந்துவிட்டது.

"டேய், உப்பு போட்டாச்சு, சக்கரை போட்டாச்சு. இதை யாருடா கேட்டா?" என்றாள் அக்கா, கிண்டுவதை நிறுத்தாமல்.

துழாவி எடுத்தோம். மறுநாள் காலை கடைவீதியில் இருக்கும் ஃபோன் கம்பெனிக் கடைக்குப் போனேன். (கம்பெனியின் பெயரைத் தேட வேண்டாம். கதைக்காக நான் கட்டியது அது.) கல்லாவுக்குப் பின்னால் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். என் எண்ணைத் தட்டித் திரையைப் பார்த்தாள்.

"தள்ளுபடியில புது ஃபோன் எடுக்க நீங்க இன்னும் பதினோரு மாசம் காத்திருக்கணும் சார்."

"பதினாலு வருஷமா உங்ககிட்டதான் இருக்கேன். ஒரு மாசம்கூட பில் தவறினதில்ல."

"தெரியுது சார். அதான் விஷயமே."

திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். என் பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு பச்சைக் கட்டம் இருந்தது. "சிவப்புன்னா கிளம்பிடுவாங்கன்னு அர்த்தம். அவங்களுக்கு முன்கூட்டியே குடுக்க எங்களுக்கு அனுமதி உண்டு. நீங்க நல்ல பச்சை."

"நானும் கிளம்பிடறேன்னு சொன்னா?"

"கிளம்பறவங்க இப்படிக் கேட்டுட்டு நிக்க மாட்டாங்க சார்," என்று சிரித்தாள். "நீங்க எங்க போகப் போறீங்க."

முழு விலை கொடுத்து மட்டமான ஒரு ஃபோனை வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். காது சூடாக இருந்தது. இவளை ஒரு கதையில் போட்டு நாறடிப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

2

முதல் தொடக்கம்: "மனிதர்கள் எப்போது விலகுவார்கள் என்பதை அவர்களுக்கும் முன்னால் அறிந்த இயந்திரம் ஒன்று—"

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: "ரலித்ஸாவுக்கு இரக்கம் என்பதே கிடையாது."

இதையும் அடிக்க வேண்டியதாயிற்று. (ரலித்ஸா நான் வைத்த பெயர்.) உண்மையில் அந்தப் பெண், நான் வெளியே வரும்போது, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். நனைந்த ஃபோன்களுக்காக அவள் வைத்திருக்கும் அரிசி. என் பழைய ஃபோனை அதில் புதைத்துக் கொடுத்து, "தண்ணிக்குக் கேக்கும். மிளகாய்க்குக் கேக்குமான்னு தெரியல" என்றாள். இரக்கமில்லாதவள் என்று எழுதக் கை வரவில்லை.

மூன்றாம் தொடக்கம்: "ரலித்ஸாவின் அம்மா கடைக்கு வந்தாள்."

இது நிற்கும் போலிருக்கிறது.

3

ரலித்ஸாவின் அம்மா கடைக்கு வந்தாள். பெயர் வெலிச்கா, அறுபத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. மகள் அந்தக் கடையில் சேர்ந்து ஒன்பது வருஷமாகியும் இது அவளுடைய இரண்டாவது வருகைதான். வரிசையில் நின்றாள். முறை வந்ததும், சலுகை எடுத்துக்கொள்கிறாள் என்று பிறர் நினைத்துவிடக் கூடாதென்று மகளுக்கே "வணக்கம்" சொன்னாள்.

"என்னம்மா இது, வீட்ல சொல்லக் கூடாதா?"

"கடை வேலையக் கடையிலதான் பேசணும். இதைப் பாரு."

ஃபோனின் கீழ்ப்பாதி கறுத்துப் போயிருந்தது.

"போயானோட நெத்தியும் கண்ணும்தான் தெரியுது. சாப்பிட்டுட்டுப் பேசறானா, சிரிக்கிறானா, ஒண்ணும் புரியல. புதுசு குடு."

போயான் ரலித்ஸாவின் அண்ணன். வெளிநாட்டில், பொலோனியாவில் ஒரு கிடங்கில் வேலை, போய் எட்டு வருஷம். வெலிச்கா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவனைக் கூப்பிடுவாள். அந்த நேரத்தில் ரலித்ஸா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

ரலித்ஸா திரையைப் பார்த்தாள். முகம் மாறியது.

"மார்ச்ல ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சிருக்கே. யாரு பண்ணது?"

"நான் எதையும் பண்ணலையே."

"உன் குரல்லயே பதிவாயிருக்கும்மா."

வெலிச்கா யோசித்தாள். "ஒரு பையன் கூப்பிட்டான். இணையம் இன்னும் கொஞ்சம் சேத்துத் தரோம், சரியான்னான். சரின்னேன்."

"உனக்கு எதுக்கு அவ்வளவு இணையம்?"

"எனக்கு எதுக்குடி. அவன் குரல் ரொம்ப சோர்ந்து கெடந்துச்சு. காலையிலேர்ந்து ஒருத்தரும் சரின்னு சொல்லல போல."*

* அந்தச் "சரி"யோடு இருபத்து நான்கு மாதக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். புது ஃபோன் கிடைக்கவில்லை, காத்திருக்கும் காலம் மட்டும் புதுசாகக் கிடைத்தது. இந்த ஊரில் இதே தப்பைச் செய்யாத வீடு குறைவு. கூப்பிடும் பையனும் யாரோ ஒருவரின் மகன் என்ற நினைப்பு எங்களுக்கு.

4

(கட்டுரை போன்ற பகுதி. கதைக்காக மட்டும் வந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் என் வயிற்றெரிச்சல் இதில்தான் இருக்கிறது.)

இரண்டு நாள் கழித்து அரிசிப் பையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் கடைக்குப் போனேன். மதியம், கடையில் ஈ காக்கை இல்லை. இந்த ஊரே பாதி காலி. யாருக்குத் தள்ளுபடி என்பதை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

ஒப்பந்தம் எத்தனை மாதம் ஓடியிருக்கிறது என்பது முதல் கேள்வி. மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பது இரண்டாவது, அதைத் தவறாமல் கட்டுகிறீர்களா என்பது மூன்றாவது. இவற்றைக் கேட்டால் வெளிப்படையாகச் சொல்வார்கள், சுவரில்கூட ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்டாத ஒன்று இருக்கிறது. அதுதான் கட்டத்தின் நிறம். உங்கள் அழைப்புகள் குறைகின்றனவா, எண்ணை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போவது எப்படி என்று விசாரித்தீர்களா, எத்தனை முறை கத்தினீர்கள், இதையெல்லாம் கூட்டி ஒரு நிறம் போடுகிறார்கள். கத்துகிறவர்களுக்கும் மௌனமாகிவிட்டவர்களுக்கும் சிவப்பு. பில் வந்த அன்றே கட்டிவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆளைக் கூப்பிடுகிறவர்கள் பச்சை.

"இது அநியாயம் இல்லையா?" என்றேன்.

"எப்படியும் இருக்கப் போறவங்களுக்குக் குடுத்தா கம்பெனிக்கு என்ன லாபம் சார்?"

இதற்குப் பதில் தெரிந்திருந்தால் கதை எழுதியிருக்க மாட்டேன், புகார் எழுதியிருப்பேன்.

5

நவம்பர். வீட்டில் முட்டைக்கோஸ் ஊறப்போடும் வேலை. வெலிச்கா ஒவ்வொரு கோசாகத் தண்டைக் குடைந்து உப்பை அடைக்கிறாள், ரலித்ஸா பீப்பாயில் அடுக்குகிறாள். இடையில் பாடம் நடக்கிறது.

"கூப்பிட்டு இதை மட்டும் சொல்லணும்மா. 'இதே நம்பரோட வேற கம்பெனிக்குப் போறேன்.' அவ்வளவுதான். நிறம் மாறிடும், அவங்களே ஃபோன் குடுப்பாங்க."

"ஏன் போறேன்னு கேட்டா?"

"அங்க நல்லா குடுக்கறாங்கன்னு சொல்லு."

"அங்க நல்லாவா குடுக்கறாங்க?"

"எனக்கென்னம்மா தெரியும், நான் இங்கல்ல வேலை பாக்கறேன்."

வெலிச்கா கையைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள். சோஃபியாவில் இருக்கும் கம்பெனி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். "நான் வேற கம்பெனிக்குப் போறேன்," என்றாள் வெலிச்கா, ஒப்பிக்கிற மாதிரி. ஏன் என்று அந்தப் பெண் கேட்டதுதான் தாமதம், "இல்லம்மா, நான் எங்கயும் போகல. என் பொண்ணு சொல்லச் சொன்னா. நீ சாப்பிட்டியா?" என்று கொட்டிவிட்டாள். இத்தனை வருஷம் கூட இருந்ததற்கு நன்றி சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

[இங்கே இரண்டு பக்கம் கிழிக்கப்பட்டது. பதிவான அந்த அழைப்பால் ரலித்ஸாவுக்கு வேலை போவதாக எழுதியிருந்தேன். அம்மாவின் நேர்மைக்கு மகளைத் தண்டிப்பது எனக்கே பிடிக்கவில்லை.]

"என்ன நியாயம்டி இது," என்றாள் வெலிச்கா, மறுபடி கத்தியை எடுத்து. "இருக்கறவளுக்கு ஒண்ணும் கிடையாது. போறேன்னு மிரட்டறவளுக்குத் தூக்கிக் குடுப்பாங்களாம்."

ரலித்ஸா பீப்பாய்க்குள் குனிந்தபடியே கேட்டாள்:

"வீட்டை யார் பேருக்கும்மா எழுதப் போறே?"

இதை வீட்டில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. வீட்டுப் பத்திரம் எழுதும் நோட்டரி அலுவலகத்தில் வேலை செய்யும் பெண் போன வாரம் கடைக்கு வந்தவள், "உங்கம்மா வியாழக்கிழமை வராங்கல்ல, அண்ணனோட அடையாள அட்டை நகலை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாரமாக ரலித்ஸா அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். வீடு அவளுக்கு வேண்டும் என்பதுகூட இல்லை. கேட்காமல், தானாக, அம்மாவுக்குத் தன் ஞாபகம் வரவேண்டும் என்று இருந்தது.

வெலிச்கா மழுப்பவில்லை. அவளுக்குத்தான் பொய் வராதே.

"அவனுக்கு இங்க ஒரு பிடிப்பு வேணும்ல. வீடுன்னு ஒண்ணு இருந்தா என்னிக்காவது திரும்பி வருவான்."

"நான்?"

"நீதான் இங்கயே இருக்கியே. நீ எங்க போகப் போறே."

இந்த வரியை எழுதிவிட்டு நான் மேசையை விட்டு எழுந்துவிட்டேன். அது கடைக்காரப் பெண் என்னிடம் சொன்ன வாக்கியம். வெலிச்காவின் வாயில் போட வேண்டுமென்று திட்டமிடவில்லை, அவளாகவே சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை, அதுதான் தொல்லை. மகள் மேல் அவளுக்குப் பாசமில்லை என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

6

இனி ரலித்ஸா என்ன செய்வாள்?

முடிவு ஒன்று. மறுநாள் சாப்பிடும்போது சொல்கிறாள்: "நானும் கிளம்பறேம்மா. போயான் கிடங்குல ஆள் எடுக்கறாங்களாம்." வெலிச்கா ஸ்பூனைக் கீழே வைக்கிறாள். புதன்கிழமை சாயங்காலம், "நோட்டரிகிட்ட பேசிட்டேன். உன் பேருக்கே எழுதிடறேன். இரு" என்கிறாள். ரலித்ஸாவுக்குச் சந்தோஷம் வர வேண்டும். ஆனால் மிரட்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்பது வருஷமாகத் தன் கையால் ஃபோன் எடுத்துக் கொடுத்தவள் அவள். வாரத்துக்கு ஒருவராவது கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதை முன்னமே குடுத்திருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேனே" என்று சொல்வார். அப்போதெல்லாம் அவள் ரசீதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது அந்த ஆளின் இடத்தில் நிற்கிறாள். வாங்கிக்கொள்ளவும் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும்—

முடிவு இரண்டு. அவள் நிஜமாகவே போய்விடுகிறாள். வீடு அவள் பெயரில், பூட்டிக் கிடக்கிறது. தெருவில் அப்படி ஏற்கெனவே ஆறு வீடு இருக்கிறது.

முடிவு மூன்று. வெலிச்காவுக்குப் புரிந்துவிடுகிறது. எழுந்து வந்து உப்புக் கையோடு மகளைக் கட்டிக்கொள்கிறாள். ஒரே மூச்சில் எழுதினேன். தேன் மாதிரி வந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

கிளம்புகிறேன் என்று சொன்னபோது ரலித்ஸா மிரட்டினாளா, மனதார நினைத்தாளா என்பது எனக்கே பிடிபடவில்லை. கம்பெனிக்கும் இது பிடிபடாது. ஆனால் அவர்களுக்குக் கவலையில்லை, இரண்டுக்கும் ஒரே தள்ளுபடிதான்.

7

எழுதியதை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு அண்ணனே இல்ல சார். எங்கம்மா பொய் சொன்னா நானே நம்பிடுவேன், அவ்வளவு அழகா சொல்வாங்க. பேரை மாத்திட்டீங்கல்ல?"

"மாத்திட்டேன்."

"அப்போ ஒண்ணு கேக்கறேன். அந்த அண்ணன் ஏன் வாயே தொறக்கல?"

"அவன் பொலோனியாவுல இருக்கான்."

"ஃபோன் கம்பெனியப் பத்திக் கதை எழுதறீங்க, அவன் பேச மாட்டேங்கறான். எல்லாரும் அவனுக்காக அடிச்சுக்கறாங்க. வீடு எனக்கு வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல."

"திரையில பாதி போயிடுச்சுல்ல. அவன் முகமே முழுசா—"

"திரைதான சார் போச்சு. ஸ்பீக்கர் நல்லாத்தான இருக்கு."

8

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன்.

அக்காவும் அப்பாவும் இருக்கிற வீடு, கொப்பரை ஏற்றுகிற முற்றத்தோடு, என் பெயரில் இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் சோஃபியாவையும் விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போகலாமா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கோடையில் அப்பா என்னை நோட்டரியிடம் கூட்டிப் போனார். நான் கனடா போகவில்லை. போகும் எண்ணம் இருந்ததா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அக்கா காபி போட்டு வைத்திருந்தாள், என்ன வேலையாகப் போனீர்கள் என்று கேட்கவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்களென்று நானும் இன்றுவரை கேட்கவில்லை.

வெலிச்கா என் அப்பா. ரலித்ஸாவின் பக்கம் நின்று நான் எழுதிய அத்தனை கோபமும் இரவல். என் வாழ்க்கையிலேயே நான் பச்சையாக இருந்த இடம் அந்த ஃபோன் கடை ஒன்றுதான். அதற்குத்தான் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அவ்வளவு பொருமினேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

9

ஆக, போயான் பேச வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணி. வெலிச்கா கூப்பிடுகிறாள். ரலித்ஸா ஈரக் கையோடு வந்து ஃபோனை வாங்கிக்கொள்கிறாள்.

"அண்ணா, அம்மா வியாழக்கிழமை வீட்டை உன் பேருக்கு எழுதப் போறா. உனக்குத் தெரியுமா?"

நெற்றியும் கண்களும் தெரிகின்றன. கண்கள் வேறு எங்கோ பார்க்கின்றன. போயான் சொன்னான்:

"எனக்கெதுக்கு வீடு. நீயே வச்சுக்க." (அடித்தேன். இவ்வளவு நல்லவனாக அவனை ஆக்கினால் நானும் கூடவே நல்லவனாகிவிடுவேன்.)

"நீயும் இங்க வந்துடேன். ரெண்டு பேரும் இங்கயே இருக்கலாம்." (அடித்தேன். பேச்சை மாற்றுகிறான்.)

"அம்மா இஷ்டம். இதுல நான் என்ன சொல்றது." (இதை அடிக்க எனக்கு உரிமையில்லை. நோட்டரி வாசலில் நான் சொன்னது இதுதான், அம்மா இருக்கும் இடத்தில் அப்பா, மற்றபடி ஒரு எழுத்து மாறாமல். ஆனால் இப்படியே விட்டால் கதை மறுபடி அதே வாசலில் போய் நின்றுவிடும்.)

போனவர்கள் எழுதினால் போனவர்களுக்குச் சாதகமாகத்தான் வரும் என்று தோன்றியது. இருந்தவர்களில் யாராவது எழுதட்டும். மூன்று வரியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டேன். உண்மையைச் சொன்னால், இப்படி ஒரு வழி கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. கதையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நகர்வதாக இருந்தேன். அதற்கு முன்னால் அக்காவிடம் கொடுத்தேன்.

அவள் பெயர் இஸ்க்ரா. இவ்வளவு தூரம் வந்தும் அவள் பெயரை நான் எழுதவேயில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

சோஃபியாவுக்கு நான் கொண்டுபோக வேண்டிய பாட்டில்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஃபோன் விழுந்த இடத்தில் சிரித்தாள். நோட்டரி வந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பக் கொஞ்சம் நேரமாயிற்று. கடைசித் தாளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"போயான் சொன்னான்னு இருக்கு. கீழ ஒண்ணும் இல்லையேடா?"

"அதை நீ எழுதணும்னு விட்டிருக்கேன்க்கா."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். கோபமாக இல்லை. களைத்திருந்தாள்.

"அவன் என்ன சொல்லணும்கறதையும் நானே எழுதிக் குடுக்கணுமா?"

தாள்களை அடுக்கி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே அப்பா இருமினார். அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்து, மறுபடி மூடி போட ஆரம்பித்தாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடமே தள்ள முடியாததை முன்பின் தெரியாத உங்களிடம் தள்ளுவது இன்னும் கேவலம்.

அதனால் முடிவை எழுதும் வேலையை உங்களுக்கும் தரப்போவதில்லை. பேனாவை மூடினேன்.

"அக்கா," என்றேன். "அந்த வீடு விஷயம்—"

அவள் திரும்பினாள். இதற்குப் பிறகு நான் பேசியது அவளுக்கு மட்டும்.